வகுப்பில பேப்பர் வச்சுப் படிப்பிக்கிறது எப்பிடி: வன்னிப் பள்ளிக்கூட ஆசிரியர்மாருக்கு

பழைய பேப்பர் ஒரு கட்டு, ரெண்டு மூண்டு கத்தரிக்கோல், கொஞ்சம் கோதுமை மாப் பசை இருந்தால் காணும், தமிழ், கணிதம், புவியியல், குடியியல், சுகாதாரம் எண்டு எந்தப் பாடத்திலயும் ஒரு பாடவேளையை வடிவாக் கொண்டு போகலாம். புறொஜெக்ரர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், நெட் வேண்டாம். வன்னியில இன்னும் கன பள்ளிக்கூடங்களில இது மூண்டும் ஒரே நேரத்தில கிடைக்கிறது கஷ்டம் எண்டு உங்களுக்கே தெரியும்.

பாடப்புத்தகம் பிள்ளைக்காகவே எழுதினது, சொல்லை இலேசாக்கி, படம் போட்டு, கடைசியில கேள்வியும் வச்சிருப்பினம். பேப்பர் அப்பிடி இல்லை. அது பெரியாக்கள் வாசிக்க அவசரத்தில எழுதினது, விளங்காத சொல் வரும், பாதிச் செய்தி முதல் பக்கத்திலயும் மிச்சம் எட்டாம் பக்கத்திலயும் கிடக்கும், பக்கத்திலயே நகைக்கடை விளம்பரம் நிக்கும். பள்ளிக்கூடம் விட்டுப் போனால் எங்கட பிள்ளையளுக்கு முன்னால வரப்போறது இந்தமாதிரி எழுத்துத்தான், பிரதேச செயலகத்து அறிவித்தல், பாங்க் போம், வேலைக்கு ஆள் எடுக்கிற விளம்பரம், எல்லாம். அதுக்குள்ள நிண்டு தனக்கு வேண்டியதைத் தேடி எடுக்கப் பழகிறதுக்குப் பேப்பரை விட மலிவான சாமான் கிடையாது.

அதால ஒண்டைத் திரும்பத் திரும்பச் சொல்லுவன்: பேப்பரை நீங்கள் வாசிச்சுக் காட்டாதேங்கோ. பிள்ளையின்ர கையில குடுங்கோ, குடுக்கேக்க ஒரு வேலையோட குடுங்கோ. ஒரு பக்கம், ஒரு வேலை, அவ்வளவுதான். முழுப் பேப்பரையும் குடுத்து "வாசியுங்கோ பிள்ளையள்" எண்டால் பெடியள் கிரிக்கெட் பக்கத்தைப் பிரட்டுவாங்கள், பெட்டையள் சினிமாப் பக்கத்தைப் பிரட்டுவினம், பாடவேளை முடிஞ்சிடும்.

காலைப் பிரார்த்தனையில ஒரு பிள்ளை மேடையில ஏறித் தலைப்புச் செய்தி வாசிக்கிற பழக்கம் கன பள்ளிக்கூடத்தில இருக்கு. விடவேண்டாம், ஆனால் அதோட நிப்பாட்டவும் வேண்டாம். வாசிக்கிற பிள்ளை கடைசியில ஒரு கேள்வியும் கேக்கட்டும், "இந்தச் செய்தியில சொல்லாமல் விட்டது என்ன?" எண்டு. அடுத்த நாள் வேற பிள்ளை மறுமொழி சொல்லட்டும். நிண்டு கேக்கிற பிள்ளையளின்ர காது அப்பதான் திறக்கும்.

பேப்பர் எங்கால எடுக்கிறது

ஏ9 வீதியோட இருக்கிற பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா ஆக்களுக்கு விடியவே பேப்பர் கிடைச்சிடும். துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் உள்ளுக்கு போகப் போக பஸ் வாற நேரத்தைப் பொறுத்தது, சில ஊரில கடைக்கு ரெண்டு மூண்டு கொப்பிதான் வரும். அதைப் பற்றி யோசிக்க வேண்டாம், வகுப்புக்கு இண்டையான் பேப்பர் தேவையில்லை. நான் கீழ சொல்லுற வேலையளில முக்காவாசிக்குப் போன மாசத்துப் பேப்பர் காணும், சிலதுக்குப் பழசுதான் திறம்.

முதல்ல சனசமூக நிலையத்துக்குப் போங்கோ. எங்கட பக்கம் ஒவ்வொரு ஊரிலயும் வாசிகசாலை எண்டு ஒண்டு இருக்கும், அங்க வாற பேப்பரைக் கட்டி ஒரு மூலையில போட்டிருப்பினம், தலைவரிட்டயோ செயலாளரிட்டயோ ஒரு சொல்லுச் சொன்னால் எடுத்து வச்சுத் தருவினம். பிறகு பிரதேச சபை நூலகம், கூட்டுறவுச் சங்கம், தேத்தண்ணிக்கடை, சலூன். சலூன்காரரிட்ட வாரப் பத்திரிகையளும் கிடைக்கும். பழைய மாணவர் சங்கம் வெளிநாட்டில இருந்து "பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்" எண்டு கேட்டால், ஒரு வருசத்துக்கு ரெண்டு பேப்பருக்குச் சந்தா கட்டித் தாங்கோ எண்டு கேளுங்கோ. கொம்பியூட்டர் கேக்கிறதைவிட கெதியாக் கிடைக்கும்.

2022இல என்ன நடந்தது எண்டு மறந்திருக்க மாட்டியள். கடதாசி இறக்குமதி செய்யக் காசில்லாமல் பேப்பர்காரர் பக்கத்தைக் குறைச்சு விலையைக் கூட்டினவை, மார்ச் மாசம் மேல்மாகாணத்தில தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டவை. அதுக்கு முதல், யுத்த நேரத்தில நியூஸ்பிரிண்ட் வராமல் யாழ்ப்பாணத்தில கொப்பித் தாளிலயும் பேப்பர் அடிச்சவை. அதால கிடைக்கேக்க சேர்த்து வையுங்கோ.

ரெண்டு வகை இருந்தால் நல்லம். யாழ்ப்பாணத்தில அச்சாகிற உதயன், வலம்புரி மாதிரி ஒண்டு, கொழும்பில இருந்து வாற வீரகேசரி, தினகரன் மாதிரி ஒண்டு. வீரகேசரி 1930இல தொடங்கின தனியார் பேப்பர், தினகரன் வெளிவாற லேக் ஹவுஸ் 1973இல அரசாங்கத்தின்ர கைக்குப் போனது. ஒரே செய்தியை ரெண்டு பேரும் எந்தப் பக்கத்தில, எவ்வளவு இடத்தில போடுகினம் எண்டு பாக்கிறதே பெரிய வகுப்புக்கு ஒரு முழுப் பாடம்.

பகிருறதுக்கு ஒரு வழி: நடுவால மடிச்சு வாற பெரிய தாள் ஒண்டைப் பிரிச்சால் நாலு பக்கம். 16 பக்கப் பேப்பர் எண்டால் நாலு தாள், நாலு குழு. இருவது பிள்ளையள் இருக்கிற வகுப்புக்கு ஒரு பேப்பர் காணும். ரெண்டு மூண்டு தரத்தை ஒண்டா வச்சுப் படிப்பிக்கிற சின்னப் பள்ளிக்கூடம் எண்டாலும் இதே கணக்குத்தான், தரம் 3க்கு விளம்பரத் தாள், தரம் 5க்குச் செய்தித் தாள்.

குடுக்க முதல் நீங்கள் வாசிக்கோணும்

இந்தப் பகுதியை ஆறுதலா வாசியுங்கோ. வேற ஊரில ஒருத்தர் பேப்பரை அப்பிடியே வகுப்பில விரிக்கலாம். எங்கட இடத்தில ஏலாது.

காணாமல் ஆக்கப்பட்டவையின்ர உறவுகள் 2017 பெப்ரவரி 20இல கிளிநொச்சியில தொடங்கின போராட்டத்தின்ர போட்டோ பேப்பரில திரும்பத் திரும்ப வாறது. அந்தப் போட்டோவில படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற அம்மம்மா உங்கட வகுப்பில இருக்கிற பிள்ளையின்ர அம்மம்மாவா இருக்கலாம். முள்ளிவாய்க்கால் நினைவு வாற மே மாசத்துப் பேப்பர் எண்டால் சொல்லவே தேவையில்லை. இப்ப படிக்கிற பிள்ளையளில கனபேர் யுத்தம் முடிஞ்ச 2009க்குப் பிறகு பிறந்ததுகள்தான், எண்டாலும் வீட்டில அந்தக் கதை இருக்கு, சில வீட்டில கதையே இல்லாமல் மௌனம் இருக்கு, அது இன்னும் பாரம். அதைவிட இப்பத்தையான் செய்தியளும் இருக்கு, தற்கொலை, போதைப்பொருள், சிறுவர் துஷ்பிரயோகம், விபத்து. சின்ன ஊர், பேர் போடாட்டிலும் ஆரெண்டு பிள்ளையளுக்குத் தெரியும்.

அதுக்காகப் பேப்பரை ஒளிக்கச் சொல்லேல்லை. முதல் நாள் இரவைக்கு நீங்கள் ஒருக்கா முழுக்க வாசியுங்கோ, எந்தத் தாள் எந்தக் குழுவுக்கு எண்டு முடிவெடுங்கோ, சரிவராத தாளை வீட்டிலயே விடுங்கோ. எந்தப் பிள்ளையையும் மரணச் செய்தி, விபத்துச் செய்தியை எழுப்பி விட்டு வாசிக்கச் சொல்லாதேங்கோ. ஒரு பிள்ளை திடீரெண்டு கதைக்காமல் இருந்தால், தாளை மடிச்சு வச்சால், காரணம் கேட்டு எல்லாருக்கும் முன்னால நிக்க வைக்க வேண்டாம், வேற தாள் ஒண்டைக் குடுத்திட்டு இன்ரேவலுக்குப் பிறகு தனியக் கதையுங்கோ, தேவையெண்டால் பள்ளிக்கூடத்து ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிட்டச் சொல்லுங்கோ. துஷ்பிரயோகம் சம்பந்தமா ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் 1929 எண்ட சிறுவர் பாதுகாப்பு இலக்கம் இருக்கு, அதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில ஒட்டியே வையுங்கோ.

ஒரு வகைச் செய்தியை மட்டும் தவிர்க்காதேங்கோ, வெடிபொருள் கண்டெடுத்த செய்தி. காணி துப்பரவு செய்யேக்க, கிணறு வெட்டேக்க, விறகு பொறுக்கேக்க எண்டு இப்பவும் வருது. அதை வெட்டி ஒட்டிப் போட்டு, கண்ட ஆள் என்ன செய்தவர், தொட்டவரோ, ஆருக்கு அறிவிச்சவர் எண்டு பிள்ளையளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கோ. "தொடாதேங்கோ" எண்டு நீங்கள் சொல்லுறதை விட, பக்கத்து ஊரில நடந்ததைத் தானே வாசிச்சுக் கண்டுபிடிச்ச பிள்ளைக்கு அது மறக்காது.

தமிழ்ப் பாடம்: தலைப்பை விரிக்கிறது

இது நான் எல்லாருக்கும் முதல்ல சொல்லுற வேலை, தரம் 6இல இருந்து ஓ.எல் வரை செய்யலாம்.

"யானை தாக்கி விவசாயி பலி" எண்டு ஒரு தலைப்பு வருது எண்டு வைங்கோ. நாலே சொல்லு. இதை முழு வசனமா எழுதச் சொல்லுங்கோ. "யானை தாக்கியதில் விவசாயி ஒருவர் உயிரிழந்தார்" எண்டு ஒரு பிள்ளை எழுதும். சரி, எங்க? எப்ப? அவர் வயலுக்குப் போகேக்கையோ, காவலுக்குக் கொட்டிலில படுத்திருக்கேக்கையோ? தலைப்பில இல்லை, செய்திக்குள்ள போய்த் தேடோணும். இப்ப "இரணைமடுவின் வான்கதவுகள் திறப்பு" எண்ட தலைப்பைக் குடுங்கோ. திறந்தது ஆர்? தலைப்பில எழுவாயே இல்லை. எழுவாய், பயனிலையைப் பற்றி அரை மணித்தியாலம் கரும்பலகையில எழுதி விளங்கப்படுத்திறதை இந்த ஒரு தலைப்பு செய்து போடும், ஏனெண்டால் பிள்ளைக்கு உண்மையா அந்தக் கேள்வி வருது, ஆர் திறந்தது எண்டு.

பிறகு மாறிச் செய்யுங்கோ. தலைப்பை வெட்டி எடுத்திட்டு செய்தியை மட்டும் குடுங்கோ, அஞ்சு சொல்லுக்குள்ள தலைப்புப் போடச் சொல்லுங்கோ. எல்லாக் குழுவின்ரயும் கரும்பலகையில எழுதி, கடைசியாப் பேப்பரில வந்த தலைப்பைக் காட்டுங்கோ. கன தரம் பிள்ளையள் போட்டதுதான் நல்லா இருக்கும், அதைச் சத்தமாச் சொல்லுங்கோ.

மூண்டாவது, பந்தியைத் துண்டு துண்டா வெட்டிக் கலந்து குடுத்து ஒழுங்குபடுத்தச் சொல்லுறது. செய்தி எழுதுறவை முக்கியமானதை முதல் பந்தியில வச்சிடுவினம், கீழ போகப் போக முக்கியம் குறையும், பக்கத்தில இடம் காணாட்டில் கீழ இருந்து வெட்டினாலும் செய்தி நிக்கும். பிள்ளையளிட்ட கடைசிப் பந்தியை எடுத்துப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கோ, பிறகு அதுக்கு முந்தின பந்தியை எடுங்கோ, எந்த இடத்தில செய்தி விளங்காமல் போகுது எண்டு அவையளே சொல்லட்டும். சிறுகதையில இப்பிடிக் கீழ இருந்து வெட்டிப் பாருங்கோ எண்டும் சொல்லுங்கோ. கட்டுரை எழுதேக்க முன்னுரையை எப்பிடித் தொடங்கிறது எண்டு தெரியாமல் பேனையைக் கடிச்சுக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு இது சரியான உதவி.

நாற்பது நிமிசப் பாடவேளையில இந்த மூண்டையும் ஒரேயடியாச் செய்ய வெளிக்கிடாதேங்கோ. ஒரு நாளைக்கு ஒண்டு. தாள் குடுக்க, குழுப் பிரிக்க அஞ்சு நிமிசம் போகும், தாள் திருப்பி வாங்கி மடிக்க அஞ்சு நிமிசம் போகும், நடுவில இருக்கிறது அரை மணித்தியாலம்தான்.

ஆர் சொன்னது?

போனில வாற எல்லாத்தையும் நம்பிற காலம் இது, அதால இந்த வேலையைக் கட்டாயம் செய்யுங்கோ எண்டு கேக்கிறன். ஒரு விபத்துச் செய்தியை எடுங்கோ, ஆனால் தூர இடத்துச் செய்தியா. அதில "வீதியைக் கடக்க முற்பட்டபோது டிப்பர் மோதியதாகப் பொலிஸார் தெரிவித்தனர்" எண்டு ஒரு வசனமும், "டிப்பர்கள் அதிவேகமாகச் செல்வதாகப் பிரதேச மக்கள் குற்றஞ்சாட்டுகின்றனர்" எண்டு ஒரு வசனமும், "சாரதி நித்திரை கொண்டதாகக் கூறப்படுகிறது" எண்டு இன்னொண்டும் இருக்கும். பிள்ளையளுக்கு நீலம், சிவப்பு எண்டு ரெண்டு கலர்ப் பென்சில். ஆர் சொன்னது எண்டு பேர் இருக்கிற வசனத்துக்கு நீலக்கோடு, ஆரெண்டே தெரியாத வசனத்துக்குச் சிவப்புக்கோடு. "கூறப்படுகிறது", "நம்பப்படுகிறது", "தெரியவருகிறது" எல்லாம் சிவப்பில விழும். சில செய்தி முழுக்கச் சிவப்பாப் போயிடும், அதைப் பாக்கேக்க பிள்ளையளின்ர முகத்தைப் பாருங்கோ.

அடுத்த பாடவேளையில இதே செய்தியை மற்றப் பேப்பரில தேடுங்கோ. வயது மாறியிருக்கும், நேரம் மாறியிருக்கும், ஒண்டில ஊர்ச்சனத்தின்ர கதை இருக்கும் மற்றதில இருக்காது. எது சரி எண்டு நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், சரிபாக்கிறதெண்டால் ஆரிட்டக் கேக்கோணும் எண்டு மட்டும் கேளுங்கோ. "நேற்று முன்தினம்" எண்டு போட்டிருந்தால் அது என்ன திகதி எண்டும் கணக்குப் பாக்கச் சொல்லுங்கோ, பேப்பரின்ர திகதி வேற, சம்பவத்தின்ர திகதி வேற. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடம் எடுக்கிற பிள்ளையளுக்கு இது நேர பாடத்திட்டத்துக்குள்ள வரும், மற்றவைக்கும் வேணும்.

கணிதமும் குளமும்

மாரி தொடங்கினால் பேப்பரில குளத்து நீர்மட்டம் வரும். இரணைமடு நிரம்பினால் 36 அடி. ஐப்பசி கடைசியில இருந்து தை வரை பேப்பரில வாற அளவை ஒரு பிள்ளை வெட்டி எடுத்து, வகுப்பின்ர சுவரில ஒட்டின வரைபுத்தாளில புள்ளி வைக்கட்டும், கிடை அச்சில திகதி, நிலைக்குத்து அச்சில அடி. பக்கத்திலயே வானிலை அறிக்கையில வாற மழை மில்லிமீற்றரை இன்னொரு கலரில போடுங்கோ. ரெண்டு மூண்டு கிழமையில பிள்ளையளே கேப்பினம், மழை பெய்த அண்டைக்கு மட்டம் பெரிசா ஏறேல்லை, பிறகுதான் ஏறுது, ஏன்? அங்கதான் புவியியல் தொடங்குது. குளத்துக்குத் தண்ணி கொண்டு வாறது கனகராயன் ஆறு, தெற்கால பெய்த மழை காட்டுக்குள்ளால ஓடி வந்து சேர நேரம் எடுக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்து நேரத்துப் பேப்பர் உங்கட வாசிகசாலையில கிடந்தால் விடாதேங்கோ, அந்த நாலஞ்சு நாளுக்கு மட்டும் தனி வரைபு போடலாம்.

முல்லைத்தீவுப் பக்கம் எண்டால் முத்தையன்கட்டு, துணுக்காய் எண்டால் வவுனிக்குளம், முருங்கன் எண்டால் கட்டுக்கரை. உங்கட பிள்ளையள் எந்தக் குளத்துத் தண்ணியில விதைக்கிற குடும்பமோ அந்தக் குளத்தை எடுங்கோ. காலபோகத்துக்கு எத்தினை ஏக்கர், சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர் எண்ட கூட்ட முடிவும் பேப்பரில வரும், அதில விகிதம், சதவீதம் எல்லாம் செய்யலாம். இந்தப் பாடத்தில பின்வாங்கில இருக்கிற பிள்ளை எழும்பி உங்களுக்கு விளங்கப்படுத்தும், வாய்க்கால் எந்தக் கிழமை திறக்கிறது, ஏன் எங்கட வயலுக்குத் தண்ணி கடைசியா வருது எண்டெல்லாம். விடுங்கோ, கதைக்கட்டும், அந்தப் பிள்ளை கணிதப் பாடத்தில வாய் திறக்கிறது சின்ன விசயம் இல்லை.

மற்றது சுருக்கமாச் சொல்லுறன். தங்க விலையில ஒரு பவுண் 8 கிராம், கிராமுக்கு எவ்வளவு வருது எண்டு பிரிச்சுப் பாக்கலாம். காணி விற்பனை விளம்பரத்தில யாழ்ப்பாணத்துக் காணி பரப்பில வரும், எங்கட காணி ஏக்கரில வரும், 16 பரப்பு ஒரு ஏக்கர், எந்தக் காணி மலிவு எண்டு கேளுங்கோ. நாணய மாற்று அட்டவணையில வாங்கிற விலை, விக்கிற விலை வித்தியாசம். அடிமட்டத்தை வச்சு ஒரு பக்கத்தில விளம்பரம் எத்தினை சதுர சென்ரிமீற்றர், செய்தி எத்தினை எண்டு அளக்கிறதும் நல்ல வேலை, தரம் 7, 8க்குப் பரப்பளவு படிப்பிக்கேக்க செய்யுங்கோ.

மரண அறிவித்தல்

யோசிச்சுத்தான் இதை எழுதுறன். மேல சொன்ன கவனமெல்லாம் இதுக்கு ரெண்டு மடங்கு வேணும், ஆனாலும் எங்கட சமூகத்தைப் பற்றி இவ்வளவு விசயம் ஒரு சின்னப் பெட்டிக்குள்ள வேற எங்கயும் கிடைக்காது.

நாலஞ்சு வருசம் பழசான, வேற மாவட்டத்து அறிவித்தலா எடுங்கோ, போட்டோவை வெட்டி விடுங்கோ, பேர்களைக் கறுப்பு மாக்கரால அழியுங்கோ. மிச்சம் இருக்கிறதைப் பாருங்கோ: முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும் உருத்திரபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், மாமனாரும், மைத்துனரும், பேரனும், பூட்டனும். பிள்ளையள் இதை வச்சுக் குடும்ப மரம் கீறட்டும். மருமகன் எண்டு வாறவர் மகளின்ர புருசனோ தங்கச்சியின்ர மகனோ எண்டு ஒரு பெரிய சண்டை வரும், நல்ல சண்டை அது. பேருக்குப் பக்கத்தில கனடா, சுவிஸ், பிரான்ஸ், அவுஸ்திரேலியா எண்டு போட்டிருப்பினம், அதை உலகப் படத்தில நூல் கட்டிக் காட்டுங்கோ.

இலங்கைப் படத்திலயும் போடுங்கோ, பிறந்த இடத்தில இருந்து வாழ்ந்த இடத்துக்கு ஒரு கோடு. யாழ்ப்பாணத்தில இருந்து காணி கிடைச்சு குடியேற்றத் திட்டத்துக்கு வந்த ஆக்களின்ர கோடு வடக்கால வரும். மாத்தளை, பதுளைப் பக்கம் பிறந்து 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின்ர கோடு தெற்கால வரும். ஒரு வகுப்பில ரெண்டு பேரின்ர பிள்ளையளும் பக்கத்துப் பக்கத்து வாங்கில இருக்குதுகள். இந்தப் படத்தைச் சுவரில விட்டு வையுங்கோ, "எங்கட ஊர் ஆக்கள்", "வந்த ஆக்கள்" எண்டு பிள்ளையள் பிரிச்சுக் கதைக்கிற நேரத்தில நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, படத்தைக் காட்டினால் சரி. அண்மையில வீட்டில செத்தவீடு நடந்த பிள்ளை வகுப்பில இருந்தால் அந்த மாசம் இதைச் செய்ய வேண்டாம்.

குடியியல்: வீதியும் கடிதமும்

உங்கட ஊர் வீதி பழுதாக் கிடக்கு எண்டு ஒரு செய்தி எப்பவும் கிடைக்கும். முதல் கேள்வி, அந்த வீதி ஆருக்குச் சொந்தம்? ஏ, பி வகுப்பு வீதியெண்டால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை, சி, டி எண்டால் மாகாணத்து வீதி அபிவிருத்தித் திணைக்களம், உள்ளூர் ஒழுங்கையெல்லாம் பிரதேச சபை. பிள்ளையள் இதைக் கண்டுபிடிச்ச பிறகு, ஒரு குழு பேப்பரில வாற "ஆசிரியருக்குக் கடிதம்" பகுதிக்கு எழுதட்டும், மற்றக் குழு அந்த அலுவலகத்துக்கு நேரடியா எழுதட்டும். ஏ.எல் பிள்ளையள் எண்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சொல்லிக் குடுத்து, இந்த வீதிக்கு எவ்வளவு காசு ஒதுக்கினது எண்டு கேக்கிற விண்ணப்பத்தையும் எழுதிப் பழகலாம். அனுப்பிறதெண்டால் அதிபரிட்டக் கேட்டிட்டு அனுப்புங்கோ, பிள்ளையின்ர முழுப்பேரும் விலாசமும் பேப்பரில வராமல் பாருங்கோ. கடிதம் அச்சில வந்தால் அந்தத் துண்டை லமினேட் பண்ணிச் சுவரில போடுங்கோ.

சின்னப் பிள்ளையளுக்கு

தரம் 1, 2க்குச் செய்தி வேண்டாம், எழுத்துத்தான். பெரிய தலைப்பில இருந்து "ழ" எல்லாத்தையும் வட்டம் போடச் சொல்லுங்கோ, அடுத்த நாள் "ள", பிறகு "ல". வெட்டி எடுத்த எழுத்துகளால தன்ர பேரை ஒட்டட்டும். விளம்பரத்தில இருந்து மரக்கறி, பழம், சாமான் படம் வெட்டி ஒரு கடை போடலாம், விலை எழுதி வாங்கி விக்கலாம், சுற்றாடல் பாடமும் கணக்கும் ஒண்டா முடியும். தரம் 5 புலமைப்பரிசிலுக்கு ஆயத்தம் செய்யிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்னச் செய்தி, மூண்டு கேள்வி அதுவே தயாரிக்கோணும், பக்கத்துப் பிள்ளை மறுமொழி எழுதோணும். மாதிரி வினாத்தாளுக்கு மேல வினாத்தாளாச் செய்விக்கிறதைவிட, கேள்வி கேக்கத் தெரிஞ்ச பிள்ளை மறுமொழியையும் கெதியாக் கண்டுபிடிக்கும் எண்டு நான் நம்பிறன்.

மை கையில பிரளும், முடிய எல்லாரும் கை கழுவோணும், முக்கியமா இன்ரேவலுக்கு முதல். மிஞ்சின தாளில வடை, ரோல்ஸ் சுத்திச் சாப்பிடவும் விட வேண்டாம்.

பழைய பேப்பர், வரலாறு

போனில நெட் இருக்கிற இடத்தில "நூலகம்" எண்ட இணையத்தளத்துக்குப் போங்கோ, 2005இல தொடங்கினது, பழைய ஈழத்துப் பத்திரிகையள் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம், காசு கட்டத் தேவையில்லை. 1959இல யாழ்ப்பாணத்தில தொடங்கின ஈழநாடு இதழ் ஒண்டை எடுத்து முதல் பக்கத்தையும் விளம்பரப் பக்கத்தையும் பிரிண்ட் எடுங்கோ. அம்மம்மா சின்னப் பிள்ளையா இருக்கேக்க சாமான் என்ன விலை, என்ன படம் ஓடினது, ஆக்கள் என்ன வேலைக்குக் கூப்பிட்டவை, பிள்ளையள் வீட்ட கொண்டு போய்ப் பெரியாக்களிட்டக் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். 1981இல யாழ் நூலகம் எரிஞ்ச அதே நேரத்தில ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது எண்டதையும் பெரிய வகுப்புக்குச் சொல்லுங்கோ, ஏன் ஆக்கள் மினக்கெட்டு பழைய பேப்பரை ஸ்கான் பண்ணுகினம் எண்டு அப்ப விளங்கும்.

தவணை முடிவில வகுப்பே ஒரு சுவர்ப் பத்திரிகை செய்யலாம். டிமைத் தாள் ரெண்டு, மாக்கர், கையெழுத்து. ஒரே ஒரு விதி போடுங்கோ: ஒவ்வொரு செய்திக்கும் குறைஞ்சது ரெண்டு பேரிட்ட நேரில கேட்டிருக்கோணும், அவை ஆர் எண்டு எழுதோணும். பள்ளிக்கூடத்துக் கிணத்தில ஏன் தண்ணி உவர்க்குது, கன்ரீனில எது கூட விக்குது, எங்கட பஸ் ஏன் பிந்துது, இதுகள் காணும். பஸ் செய்தி எழுதிற பிள்ளை கொண்டக்டரிட்டப் போய்க் கேக்கட்டும்.

சேர்த்து வைக்கிற விசயம் கடைசியா. வெட்டின ஒவ்வொரு துண்டிலயும் பேப்பரின்ர பேர், திகதி, பக்கம் மூண்டையும் உடனை பேனையால எழுதுங்கோ, பிறகு எழுதுவம் எண்டால் அது ஒருக்காலும் நடக்காது, திகதியில்லாத துண்டு அடுத்த வருசம் ஒண்டுக்கும் உதவாது. பாடவாரியா சி.ஆர். கொப்பியில ஒட்டுங்கோ. நியூஸ்பிரிண்ட் வெளிச்சம் பட்டால் கெதியா மஞ்சளாகி நொருங்கும், முக்கியமானதைப் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கோ, இல்லாட்டில் போனில படம் எடுத்து வையுங்கோ. பேப்பர்க் கட்டை நிலத்தில வைக்காதேங்கோ, சுவரோட முட்டவும் வைக்காதேங்கோ, எங்கட பக்கத்துக் கறையான் ஒரு மாரிக்குள்ள முழுக்கட்டையும் மண்ணாக்கிப் போடும். பலகை அடிச்ச றாக்கையில, கீழ் தட்டை விட்டு மேல் தட்டில வச்சு, மாசத்துக்கு ஒருக்கா பிள்ளையளைக் கொண்டே இறக்கித் தட்டி அடுக்கிவியுங்கோ.